கொடு என்னும் சொல்

விமானத்தைத் தொடங்கியது என் மகன். விடுதிக்குப் போகும்போது கால்வாசி ஒட்டிய நிலையில் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போனான். கோடை விடுமுறையில் அலமாரியைத் துடைக்கும்போது எடுத்தேன். திரும்ப வைக்க மனம் வரவில்லை. உப்புத்தாளால் இறக்கை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கு வந்த தோழி, “பையனுக்காகவா?” என்று கேட்டாள். ஒரு பெண் நுணுக்கமாக எதையாவது செய்தால் அது யாருக்காகவோதான் இருக்க வேண்டும். எனக்காகத்தான் என்றேன்.

போல்ட்டன் பால் டிஃபையன்ட் என்பது அதன் பெயர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் பயன்படுத்தியது. நிஜத்தில் 12 மீட்டர் அகலமுள்ள இறக்கை, 48-இல் ஒரு பங்காகச் சுருங்கி என் மேசையில் 25 சென்டிமீட்டர். விசித்திரமான போர்விமானம் அது. முன்னோக்கிச் சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. விமானிக்குப் பின்னால், சுழலும் கண்ணாடிக் கூண்டுக்குள் இன்னொருவர் நான்கு இயந்திரத் துப்பாக்கிகளோடு உட்கார்ந்திருப்பார். எதிரி இதைப் புரிந்துகொண்டு முன்னாலிருந்து தாக்கினான். 1940 ஆகஸ்டில் இழப்பு மிகுந்ததும் இதைப் பகல் சண்டையிலிருந்து விலக்கி, கறுப்பு வண்ணம் பூசி இரவுக் காவலுக்கு அனுப்பினார்கள். விமானம் தீப்பிடித்தால் கூண்டிலிருப்பவர் தப்புவது மிகக் கடினம். அந்தக் கூண்டை ஒட்ட எனக்கு மூன்று மாலைகள் ஆயின. புகைபோக்கியின் பின்னால் கரிப்படலம் தீட்டினேன், கால்பட்டு வண்ணம் உதிர்ந்த இடங்களைச் சுரண்டினேன். இந்தக் கலையில் எண்ணெய்க் கசிவை வரைய நிறம் உண்டு. ரத்தத்தை யாரும் வரைவதில்லை.

கடைசியில் எழுத்துகள். நீரில் நனைத்து ஒட்ட வேண்டியவை. விளக்கடியில் பிடித்து வாசித்தபோது கை நின்றுவிட்டது: கோயம்புத்தூர் 2.

பிறகுதான் தேடிப் படித்தேன். இது பிரிட்டிஷ் விமானப்படையின் 264ஆம் அணியைச் சேர்ந்தது. அந்த அணிக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்றே பெயர். 79, 234ஆம் அணிகளுக்கும் அதே பெயர்தான். நம் மாகாணத்தின் போர்நிதிக்குக் கிடைத்த கௌரவம். ஒரு விமானத்துக்குப் பெயரளவில் 5,000 பவுண்டு என்று விலை வைத்திருந்தார்கள். திரட்டிக் கொடுத்தால் விரும்பிய பெயரை எழுதலாம். 1941இல் இதை ஓட்டியவர் டெஸ்மண்ட் ஹியூஸ், கூண்டில் இருந்தவர் ஃபிரெட் காஷ். அவர்கள் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. காசு கொடுத்தவர்களுக்கு ஓர் ஊரின் பெயர் போதும் என்றாகிவிட்டது.

எங்கள் கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்கள் 2021இல் புவிசார் குறியீடு பெற்றவை. சிற்பிகளுக்குத் தாலம் என்றொரு முக அளவுக் கணக்கு உண்டு. ஆண் தெய்வத்தின் அருகில் நிற்கும் தேவி பெரும்பாலும் உயரம் குறைந்தவள்; அங்கே அளவே ஒரு தீர்ப்பு. என் விமானத்தில் எல்லாம் ஒரே கணக்கில் சுருங்கியிருப்பதால் அது நேர்மையானது என்று நம்பியிருந்தேன். கரிப்படலத்தின் அடர்த்திவரை உண்மையாக இருப்பது ஒழுக்கம்தானே? ஆனால் பெட்டிக்குள் வராதவர்களை எந்த விகிதத்தில் செய்வது?

தமிழ் படித்தவளுக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் போகாது. தாழ்ந்தவர் கேட்டால் ‘ஈ’, ஒத்தவர் கேட்டால் ‘தா’, உயர்ந்தவர் கேட்டால் ‘கொடு’. பேரரசு கேட்டது எந்தச் சொல்லால் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. போருக்கு ஆளோ பணமோ தருவது தவறு என்று பகிரங்கமாகச் சொன்னதற்காகத்தான் 1940இல் தனிநபர் சத்தியாகிரகிகள் சிறை போனார்கள், பெண்களும் போனார்கள். ஹிட்லரைத் தடுத்தே ஆக வேண்டும் என்று மனதாரக் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பரிகசிக்க எனக்கு உரிமையில்லை. சிக்கல் என்னவென்றால், விரும்பிக் கொடுத்தவரையும் மறுக்க முடியாமல் கொடுத்தவரையும் அந்த ஒட்டெழுத்து ஒன்றாக்கிவிடுகிறது. வீட்டிலும் இதே இலக்கணம்தான். நகை கொடுத்தாள், வேலையை விட்டுக்கொடுத்தாள் என்கிறோம். வினைமுற்றில் அவள் விருப்பம் தெரிவதில்லை.

கல்வராயன் மலையிலிருந்து வந்து படிக்கும் மாணவி ஒருத்தி ஆய்வேட்டுத் திருத்தத்துக்காக வீட்டுக்கு வந்தாள். விமானத்தைக் கையில் எடுக்கலாமா என்று கேட்டு எடுத்தாள். கதையைச் சொன்னேன். கள்ளக்குறிச்சி அப்போது தென்னாற்காட்டில் ஒரு தாலுகா, அதே மாகாணம்தான் என்றேன்.

“எங்க ஆயா ஜாகிர்தாருக்குச் சும்மா வேலை செஞ்சதைச் சொல்லும் மேடம். நாடு சுதந்திரம் வாங்குன பின்னாடியும். ஒரு தடவைகூட ‘குடுத்தோம்’னு சொல்லாது. ‘எடுத்துக்கிட்டாங்க’ன்னுதான் சொல்லும்.”

எழுத்துப் படிக்காத அந்த ஆயா வினைச்சொல்லை மாற்றிவிட்டாள். முனைவர் பட்டம் வாங்கிய நான் ‘கொடு’வின் நுட்பத்தை வியந்துகொண்டிருந்தேன், எழுவாயை மாற்ற எனக்குத் தோன்றவில்லை.

ஒட்டாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். பெயரில்லாத விமானம் இன்னும் பெரிய பொய் ஆகிவிடும். மாணவி போன பிறகு எழுத்தை நனைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு ஒட்டினேன். துப்பாக்கிக் கூண்டைக் காலியாகவே வைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு வந்த மகன் புத்தக அலமாரியிலிருந்து அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “சூப்பரா முடிச்சிருக்கம்மா. பேரு மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கு.”

“தெரியும்டா” என்றேன்.