ஒதுங்கி நிற்பதன் விலை

1939 செப்டம்பர் 3 அன்று, இந்தியத் தலைவர்கள் எவரையும் கலக்காமல், இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். காங்கிரஸ் அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்பது இன்றும் எளிய கேள்வியல்ல. எதிரே நின்றவர் ஹிட்லர். போலந்தின் மீது பாய்ந்த நாஜி அரசை, நேரு வரைந்த காரியக் கமிட்டித் தீர்மானம் பெயர் சொல்லியே கண்டித்தது. சுதந்திரத்துக்காகப் போரிடுவதாகச் சொல்லும் பிரிட்டன் இந்தியாவுக்கு அதைத் தருமா என்றும் கேட்டது. நேரான பதில் வரவில்லை. காங்கிரஸ் மாகாண அமைச்சரவைகள் விலகின. சென்னையில் ராஜாஜியும் பதவியிலிருந்து இறங்கினார்.

இரு தரப்பும் ஒன்றுதான் என்று அந்தத் தீர்மானம் சொல்லவில்லை. அநியாயம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு, கேளாமல் எடுத்துக்கொள்ளப்பட்ட சம்மதத்தை மறுத்தது. ஆனால் வதைமுகாமில் செத்துக்கொண்டிருந்த யூதருக்கு இந்த வேறுபாட்டால் என்ன பயன்? சுமார் 25 லட்சம் இந்தியர் படையில் சேர்ந்தார்கள். அச்சு நாடுகள் வீழ்ந்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. ஒதுங்கி நின்றவர்களுக்கு அந்தப் பங்கு இல்லை. இதை மறைத்துவிட்டு அவர்களைப் புகழ்வது நேர்மையாகாது.

அவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள் என்பதையும் மறைக்க முடியாது. 1940இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரான விருதுநகர் காமராஜர், ஆளுநர் ஆர்தர் ஹோப் திரட்டிய யுத்த நிதிக்குக் காசு கொடுக்காதீர்கள் என்று பிரசாரம் செய்தார். போர் எதிர்ப்புச் சத்தியாக்கிரகிகளின் பட்டியலுக்குக் காந்தியின் ஒப்புதல் பெற வார்தா போகும் வழியில், குண்டூரில் கைதானார். வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெளியே வந்ததும், முழுமையாகக் கவனிக்க முடியாத பதவி தனக்கு வேண்டாம் என்று விலகிவிட்டார்.

பக்கத்துச் சிவகாசிக்கு அதே போர் வாழ்வு கொடுத்தது. வெளிநாட்டு வாணங்களின் வரத்து நின்றது. உள்ளூர்ப் பட்டாசுக்குச் சந்தை திறந்தது. மழை பொய்க்கும் கரிசலில் பிழைப்பு தேடியவர்களைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. ஆனால் பிழைப்பை மட்டும் பார்க்கும் இந்தச் சலுகை நாட்டை நடத்துகிறவருக்குக் கிடையாது.

உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்து 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் வந்த தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. பிறகு ரஷ்யக் கச்சா எண்ணெயைத் தள்ளுபடி விலையில் ஏராளமாக வாங்கியது. மலிவான எண்ணெய் நம் ஏழைகளுக்கும் தேவை. ராணுவத் தளவாடங்களுக்கு ரஷ்யாவை நம்பியிருப்பதும் உண்மை. ஆனால் படையெடுத்தவர் யார் என்று சொல்வதற்கு இந்தத் தேவைகள் தடையாகியிருக்க வேண்டியதில்லை. அடிமை நாட்டின் ஒரு கட்சி 1939இல் அதைச் சொன்னது. துருக்கி அந்த ஐ.நா. தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டு, ரஷ்ய எண்ணெயையும் வாங்கிக்கொண்டுதான் இருந்தது.