நாலெழுத்துக்குள் ஓர் ஊர்

செஞ்சிப் பக்கத்து அவலூர்பேட்டையில் ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் வருவதுண்டு. ‘ஓ, யு, ஜி, ஹெச்’ சேர்ந்து வரும் சொற்கள் பத்து எழுதி வா. ‘க்யூ’ வரும் சொற்கள் பத்து எழுதி வா. பிள்ளைகள் அம்மாவின் கைப்பேசியை வாங்கி எழுத்துகளைத் தட்டுகிறார்கள். இமைப்பதற்குள் பட்டியல் வந்துவிடுகிறது. முதல் பத்தைப் பார்த்து எழுதி நோட்டை மூடிவைத்துவிட்டு விளையாடப் போகிறார்கள். மறுநாள் கேட்டால் அந்தப் பத்தில் ஒன்றுகூட வாயில் வருவதில்லை.

எனக்கு இது நெடுநாளாக மனத்தை அரிக்கும் விஷயம். கேட்ட மாத்திரத்தில் எல்லாச் சொல்லும் கைக்கு வந்துவிடும் காலம் இது. இதில் ஒரு சொல் எப்போது நம்முடையதாகிறது?

எழுத்தைப் பிடித்துச் சொல்லைத் தேடுவது வீண் வேலை என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலத்தில் அதற்கு நியாயம் இருக்கிறது. எழுத்தைப் பார்த்ததும் ஒலியை ஓரளவு சொல்லிவிடலாம் என்று பழகிய நமக்கு அந்த நாலெழுத்து பெரிய சோதனை. ‘இனஃப்’ என்பதில் அது ஒரு மாதிரி ஒலிக்கிறது, ‘த்ரூ’வில் வேறு மாதிரி, ‘தோ’வில் இன்னொரு மாதிரி, ‘காஃப்’பில் மற்றொரு மாதிரி. இவற்றை ஒன்றாக நிறுத்திப் பார்த்தால்தான் பிள்ளைக்குப் பிடிபடும். ஆசிரியர்கள் இந்தப் பாடத்தைக் கொடுப்பதும் அதற்காகத்தான்.

அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் பார்த்தேன். ‘ப்ளவ்’ இருக்கிறது, ஏர். ‘ட்ரவுட்’ இருக்கிறது, மழை பொய்த்த வறட்சி. ‘பாட்’ இருக்கிறது, சந்தையில் வாங்கினேன் என்று சொல்ல உதவுவது. ‘ப்ராட்’ இருக்கிறது; வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்பதற்கு. ‘ரஃப்’ என்பது சொரசொரப்பு, ‘காஃப்’ என்பது இருமல், ‘இனஃப்’ என்பது போதும். ஏரி வற்றினால் என்ன ஆகும் என்று அறிந்த வீடுகளின் பிள்ளைகள் இவர்கள். ஏரும் வறட்சியும் வாங்கலும் போதுமென்றலும் அந்த நாலெழுத்துக்குள் அடங்கியிருக்கின்றன. ஓர் ஊரின் வாழ்க்கையே அதற்குள் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிய பிள்ளைக்கு அது தெரியாமலே போய்விட்டது என்பதுதான் என் வருத்தம்.

எழுத்தை வைத்துச் சொல் தேடும் வழி நமக்குப் புதிதல்ல. பழைய சொற்பொருள் நூலான சூடாமணி நிகண்டை இயற்றிய மண்டலபுருடர் சமணர். அவருடைய ஆசிரியர் குணபத்திரரின் ஊராகச் சொல்லப்படும் திருநறுங்கொண்டை, பழைய தென்னார்க்காட்டு மண்ணில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கிறது. செஞ்சிக்கும் சமணத்துக்கும் உறவு நெடியது. செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அங்குள்ள கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைச் சொல்கிறது. திண்டிவனம் பக்கத்து மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இருக்கிறது. சொல்லைத் திரட்டுவதைத் தவம்போலச் செய்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தோடு உறவுடையவர்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த நிகண்டின் பதினோராம் தொகுதி, ஒரே சொல்லுக்குள்ள பல பொருள்களைச் சொல்வது. அதை மண்டலபுருடர் எதுகை வரிசையில் அடுக்கினார். இரண்டாம் எழுத்து ககரமாக வரும் சொற்கள் ஓரிடம், அடுத்த எழுத்து வருபவை அடுத்த இடம் என்று போகும். செய்யுள் எழுதுகிறவனுக்கு எதுகை தேவைப்படும்போது இது கைகொடுக்கும். பின்னால் 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தபோதும், அதன் நான்கு பகுதிகளில் ஒன்றைத் தொடை அகராதியாக இதே நோக்கத்தில் அமைத்தார். 1849இல் ஆறுமுக நாவலர் சென்னையில் பதிப்பித்த நூல்களில் சூடாமணி நிகண்டு உரையும் ஒன்று. அவ்வளவு தேவை இருந்தது அதற்கு.

திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். அந்தப் பள்ளியின் பிரம்பு எனக்கு வேண்டாம். எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவைக்காத அதன் வழக்கமும் வேண்டாம். ஆனால் அவர்கள் ஒப்பித்த செய்யுளில் எழுத்தோடு பொருளும் கூடவே வந்தது. சொல்லை மட்டும் உருவி எடுக்க வழியில்லை. இன்றைய பட்டியலில் அது விட்டுப்போயிற்று.

பொருள் இல்லாமலும் சொல்லை ஆளலாம் என்பதற்குச் சான்று உண்டு. ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர், பெருமந்தக் காலத்தில் வேலை இழந்திருந்தபோது, செய்தித்தாளின் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஒரு விளையாட்டை உருவாக்கினார். அதுதான் பின்னால் ஸ்க்ராபிள் ஆனது. அதில் ‘ஈ’ எழுத்துக்கு 12 வில்லைகள், மதிப்பு 1. ‘க்யூ’வுக்கு ஒரே வில்லை, மதிப்பு 10. நியூசிலாந்தில் பிறந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் போட்டியில் வென்றார். அவருக்கு பிரெஞ்சு பேசத் தெரியாது. அகராதிச் சொற்களை எழுத்துக் கோவைகளாகவே மனத்தில் ஏற்றியிருந்தார். அந்த நினைவாற்றலை வணங்குகிறேன். ஆனால் அவர் விளையாடிய பலகைக்கு எழுத்து போதும். நம் பிள்ளைகள் நாளை அந்த மொழியில் மருத்துவரிடம் நோயைச் சொல்லவேண்டும், வங்கியில் பேசவேண்டும், நேர்காணலில் உட்காரவேண்டும். அங்கே பொருள் தெரியாத சொல் உதவாது.

தேடி அடைவதில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது. ‘எஜுகேஷன்’ என்ற சொல்லில் ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் இருப்பதைத் தானே விரல்விட்டு எண்ணிக் கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அதே செய்தியை யாரோ சொல்லக் கேட்ட பிள்ளையிடம் அந்த மலர்ச்சி வராது. தானே கண்ட சொல் நினைவில் தங்குகிறது. வெகுநாள் கழித்துக் கேட்டாலும் பிள்ளை அதைச் சொல்லும்.

கைப்பேசியைப் பிடுங்கிவைக்கச் சொல்லவில்லை. அது நல்ல அகராதி, கடைசியில் சரிபார்க்கப் பயன்படட்டும். ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். பத்துச் சொல் கேட்காதீர்கள், மூன்று கேளுங்கள். மூன்றையும் பிள்ளை வகுப்பில் எழுந்து நின்று உரக்கச் சொல்லட்டும், பொருளைத் தமிழில் சொல்லட்டும், அவலூர்பேட்டையில் தான் கண்ட ஏதாவதொன்றைப் பற்றி அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்லட்டும். பெற்றோரே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இரவு சாப்பிடும்போது, ‘இன்றைக்கு என்ன சொல் கண்டுபிடித்தாய், அதற்கு என்ன அர்த்தம்?’ என்று மட்டும் கேளுங்கள்.