நாற்காலி யாருக்கு, முடிவு யாருடையது?

திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் கம்பெனியில் பங்குதாரர்கள் அத்தனை பேரும் பெண்கள். தேசிய பால்வள வாரியத்தின் துணையோடு 2014-இல் தொடங்கிய இந்த நிறுவனத்தில் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருக்கிறார்கள். மழை பொய்த்துக் கிணறு வற்றிய ஆண்டுகளில் சித்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களைக் கரைசேர்ப்பது கறவை மாடுதான். தீவனம் அறுப்பதும் சாணி அள்ளுவதும் பால் கறப்பதும் காலங்காலமாகப் பெண்களின் வேலை. பணம் மட்டும் ஆண்களின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்ரீஜாவில் அந்தப் பணம் உறுப்பினரான பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போகிறது. இயக்குநர் குழுவிலும் மாடு வளர்க்கும் பெண்களே இருக்கிறார்கள். 2022-இல் இந்தியாவில் நடந்த உலகப் பால்வள மாநாட்டில் பன்னாட்டுப் பால்வளக் கூட்டமைப்பு இந்த நிறுவனத்துக்கு விருது கொடுத்தது. அது தகுதியான விருது.

ஆனால் நிறுவனத்தை அன்றாடம் நடத்தும் தலைமைச் செயல் அதிகாரியின் பதவி வேறு கதை. அண்மைக்காலம் வரை அங்கே ஆண் அதிகாரியே இருந்து வந்திருக்கிறார். இதை எவரும் சூழ்ச்சி செய்து ஏற்படுத்தவில்லை. உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கான சட்டமே, தலைமைச் செயல் அதிகாரியை உறுப்பினர் அல்லாதவர்களிலிருந்துதான் நியமிக்க வேண்டும் என்கிறது. தொழில் தெரிந்தவர் நடத்தட்டும், உறுப்பினர்கள் மேற்பார்வை செய்யட்டும் என்பது அதன் நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. விளைவு என்னவென்றால், உரிமையாளர்கள் அனைவரும் பெண்களாக இருக்கும் இடத்திலும், கணக்கும் சந்தையும் ஒப்பந்தமும் அறிந்த ஆளைத் தேடும்போது வெளியே பார்க்க வேண்டியிருக்கிறது. வெளியே, அந்தப் படிப்பும் அனுபவமும் பெரும்பாலும் ஆண்களிடம் சேர்ந்திருக்கிறது.

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. ஒருவருக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு முடிவெடுக்கும் அதிகாரத்தை இன்னொருவர் கையில் வைத்திருந்தால், அது நீதியா? நீதி இல்லை என்றால், அந்த நாற்காலியையும் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

இந்தக் கேள்வியை ஆந்திரத்தின் கிராமப் பஞ்சாயத்துகள் முப்பது ஆண்டுகளாகச் சந்தித்து வருகின்றன. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் பஞ்சாயத்துத் தலைமையில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கியது. பின்னர் ஆந்திரம் அதைப் பாதியாக உயர்த்தியது. கூடவே ‘சர்பஞ்ச் பதி’யும், அதாவது பஞ்சாயத்துத் தலைவியின் கணவரும் வந்தார். பதவிப் பெயர்ப் பலகையில் மனைவி பெயர் இருக்கும், கூட்டத்தில் பேசுபவர் கணவர். மண்டல அலுவலகத்துக்குப் போவதும், ஒப்பந்தக்காரரிடம் பேரம் பேசுவதும் அவரே. நாடு முழுவதும் இருக்கும் இந்த நோயை ஆராய 2023-இல் மத்தியப் பஞ்சாயத்துராஜ் அமைச்சகம் முன்னாள் செயலர் சுஷீல் குமார் தலைமையில் குழு அமைத்தது. மனைவிக்குப் பதிலாக ஆட்சி செய்யும் கணவர்களுக்குக் கடுமையான தண்டனை வேண்டும் என்று அந்தக் குழு 2025-இல் பரிந்துரைத்தது.

தண்டனை தேவைதான். ஆனால் இந்தச் செய்திகளைப் படிக்கும்போது பலர் உடனே வருகிற முடிவு வேறு: “பெண்கள் இன்னும் தயாராகவில்லை, அதற்குள் எதற்கு இந்தப் பதவி?” இது நியாயம் போலத் தோன்றும் அநியாயம். தயாராவது எங்கே? பதவிக்கு வெளியே நின்றுகொண்டே நிர்வாகம் கற்ற ஆண் எவரும் இல்லை. அவரும் முதல் தடவை தடுமாறித்தான் கற்றார். அவரது தடுமாற்றத்தை அனுபவக் குறை என்கிறோம். அதே தடுமாற்றம் பெண்ணிடம் தெரிந்தால் அது அவளது இயல்பு என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம்.

இதற்கு ஆந்திரத்திலேயே சான்று உண்டு. நூறு நாள் வேலைத் திட்டத்துக்குச் சமூகத் தணிக்கையை முறையாக நடத்திய முன்னோடி மாநிலம் இது. அந்தத் தணிக்கை அறிக்கைகளை ஃபர்ஸானா அஃப்ரிதி உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். பெண்களுக்கு ஒதுக்கிய பஞ்சாயத்துகளில் தொடக்கத்தில் முறைகேடுகள் கூடுதலாகவே இருந்தன. இந்த ஒரு வரியோடு நிறுத்தினால் எதிர்ப்பாளர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் ஆய்வு அங்கே நிற்கவில்லை. அனுபவமற்ற தலைவியரை அதிகாரிகள் எளிதில் தம் பிடிக்குள் கொண்டுவந்ததே முக்கியக் காரணம் என்றும், அனுபவம் கூடக்கூட அந்த இடைவெளி மறைந்தது என்றும் அது காட்டியது. மேற்கு வங்கத்தில் நடந்த இன்னோர் ஆய்வு, பெண் தலைமையைக் கண்டு பழகிய ஊர்களில் ஆண் வாக்காளர்களின் மனத்தடை தளர்ந்ததையும், ஒதுக்கீடு போன பின்னும் அங்கே பெண்கள் போட்டியிட்டு வென்றதையும் பதிவு செய்தது. அரைகுறையாகக் கிடைத்த நாற்காலியும் வேலை செய்கிறது, கால அவகாசம் இருந்தால்.

அந்த அவகாசத்தைச் சட்டமே பறித்த காலமும் உண்டு. இரண்டு குழந்தைகளுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்று 1994-இல் ஆந்திரம் சட்டம் செய்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான விதிதான். ஆனால் எத்தனை பிள்ளை பெறுவது என்பதைக் கிராமத்துப் பெண் எங்கே முடிவு செய்தாள்? மத்தியப் பிரதேசத்தின் முன்னாள் தலைமைச் செயலர் நிர்மலா புச் ஆந்திரம் உட்பட ஐந்து மாநிலங்களில் இந்த விதியின் விளைவுகளை ஆராய்ந்தார். பதவியைக் காப்பாற்ற மனைவியைக் கைவிட்டவர்களையும், பிள்ளையைத் தத்துக் கொடுத்தவர்களையும் அவரது ஆய்வு கண்டது. ஆந்திர அரசு 2024 நவம்பரில்தான் இந்த விதியை நீக்கியது. அதுவும் பெண்களுக்கு இழைத்த அநீதியை உணர்ந்து அல்ல, மக்கள்தொகை குறைகிறதே என்ற கவலையில்.

சித்தூர் நகரின் அனுபவம் இன்னும் கசப்பானது. 2014-இல் மேயரான கட்டாரி அனுராதாவை 2015 நவம்பர் 17 அன்று மாநகராட்சி அலுவலகத்துக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். அவரது கணவர் மோகனும் அன்றே இறந்தார். முதன்மைக் குற்றவாளி மோகனின் உறவினர். இந்த வழக்கில் ஐந்து பேருக்குச் சித்தூர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் மரண தண்டனை விதித்தது. அனுராதா பெண் என்பதற்காகக் கொல்லப்பட்டார் என்று சொல்லக் கூடாது. குடும்பத்துக்குள் ஆண்களிடையே மூண்ட பகை அவரது அலுவலக அறை வரை வந்தது. பின்னர் அதே குடும்பத்தின் மருமகள் ஹேமலதா மேயரானார். குடும்பத்தின் வழியாக மட்டுமே பெண்ணுக்குப் பதவி கிடைக்கும் அமைப்பில், அந்தக் குடும்பத்தின் பகையும் கடனும் சேர்ந்தே அவள் தலையில் விழுகின்றன. ஆண் வாரிசுகளும் குடும்பத்தால்தான் வருகிறார்கள். ஆனால் குடும்பம் இல்லாத ஆணுக்குக் கட்சியும் சாதிச் சங்கமும் ஒப்பந்தத் தொழிலும் என வேறு வாசல்கள் திறந்திருக்கின்றன. பெண்ணுக்கு அவை பெரும்பாலும் மூடியே கிடக்கின்றன.

2021-இல் சித்தூர், திருப்பதி இரண்டு மாநகராட்சிகளுக்கும் பெண்களே மேயர் ஆனார்கள். திருப்பதியில் யாதவ சமூகத்தைச் சேர்ந்த மருத்துவர் சிரிஷா அந்த இடத்துக்கு வந்தார். 2007-இல் மாநகராட்சியான அந்த ஊர் முதல் மேயரைக் காண பதினான்கு ஆண்டுகள் ஆயின. இவற்றை வளர்ச்சி என்று மனதாரச் சொல்லலாம்.

சாதி சேரும்போது தடை இரட்டிப்பாகிறது. ஆந்திரத்தில் 2019 முதல் மேகதோட்டி சுசரிதா, தானேட்டி வனிதா, வங்கலப்பூடி அனிதா என மூன்று தலித் பெண்கள் அடுத்தடுத்து உள்துறை அமைச்சர்கள். இந்தியாவில் வேறெந்த மாநிலமும் எளிதில் காட்ட முடியாத வரிசை இது. ஆனால் 2024-இல் இலாகாக்கள் பிரிக்கப்பட்டபோது சட்டம் ஒழுங்கு முதல்வரிடமே இருந்தது. அப்படி வைத்துக்கொள்வதற்கு நிர்வாகக் காரணம் இருக்கலாம். இருந்தாலும், குற்றம் நடந்தால் கேள்வி கேட்கப்படுபவர் ஒருவராகவும் காவல்துறையை நடத்துபவர் இன்னொருவராகவும் இருப்பது அந்த நாற்காலிக்கு நியாயம் செய்வதாகாது. தமிழ்நாட்டில் நடந்தது இதைவிடக் கொடியது. மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவராகத் தேர்வான தலித் முருகேசனை 1997-இல் சாதி வெறி வெட்டிச் சாய்த்தது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்தார்கள். சட்டம் அவருக்குக் கொடுத்த நாற்காலியை ஊர் பறித்துக்கொண்டது.

ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்களின் ஒரு வாதத்தை மட்டும் மதித்துப் பதில் சொல்ல வேண்டும். தகுதியுள்ள ஓர் ஆண் தன் முறை வரும்போது விலக்கப்படுகிறார், அவர் செய்த தவறு என்ன? தவறு ஏதும் இல்லை. அவருக்கு இழப்பு உண்மையானது. ஆனால் தகுதி மட்டுமே அளவாக இருந்த காலம் எப்படி இருந்தது என்பதைச் பழைய சென்னை மாநிலமே காட்டியிருக்கிறது. சித்தூர் அன்று அதன் பகுதி. 1951-இல் ஐ.ஏ.எஸ். பணிக்குத் தேர்வான அன்னா ராஜம், ஆண்கள் எழுதிய அதே தேர்வை எழுதி வென்றவர். திருமணம் செய்தால் வேலை போகும் என்று நியமன ஆணையில் எழுதியிருந்தது. மாவட்டப் பொறுப்பு வேண்டாம், தலைமைச் செயலகத்தில் இருங்கள் என்றார்கள். அவர் வாதாடித்தான் சார் ஆட்சியர் பதவியைப் பெற்றார். தகுதியை நிரூபித்த பிறகும் வாதாட வேண்டியிருந்த இடத்தில், “தகுதிக்கு மட்டும் இடம்” என்பது வெறும் பேச்சு. ஓர் ஆண் ஒருமுறை காத்திருப்பதையும், தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் காத்திருந்ததையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஆகவே நாற்காலியை மறுப்பதற்கு அறத்தில் இடம் இல்லை. நாற்காலியோடு நிறுத்திக்கொள்வதற்கும் இடம் இல்லை. பதவியைக் கொடுப்பவர் அதோடு கோப்புகளையும் கணக்கையும் பயிற்சியையும் நேரத்தையும் கொடுக்கக் கடமைப்பட்டவர். சர்பஞ்சுக்கு வரும் தொலைபேசியைக் கணவரிடம் கொடுக்கச் சொல்லும் மண்டல அதிகாரியும், மேயர் இருக்கும்போதே அவரது வீட்டாரிடம் மனுவை நீட்டும் குடிமகனும் இந்தக் குற்றத்தில் பங்காளிகள்.

திருப்பதியில் இதற்கு வழி கண்ணெதிரே இருக்கிறது. உற்பத்தியாளர் கம்பெனிச் சட்டம் உறுப்பினரைத்தான் தலைமைச் செயல் அதிகாரி ஆக விடாது. உறுப்பினரின் மகளுக்கு அதில் தடையில்லை. அதே ஊரில் 1983 முதல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கிறது. கறவை மாட்டுக் காசில் படித்த பெண்களை இன்றே மேலாளர் பொறுப்பில் சேர்த்து, பத்து ஆண்டுகளில் அந்த உயர் பதவிக்குக் கொண்டுவர முடியும். ஸ்ரீஜாவின் இயக்குநர்கள் அதைத் திட்டமாக எழுதி, அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் முன் வைக்க வேண்டும்.