நேரமும் காலமும்

தவக்காலத்தில் ஒரு மாலை ஆவூருக்குப் போயிருந்தேன். திருச்சிக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள அந்தச் சிற்றூரில், பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலேயே மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குருமார்கள் கோயில் எழுப்பிவிட்டார்கள். பழைய கோயில்களைப் பார்க்கும் ஆசைதான் என்னை அங்கே இழுத்தது. ஆனால் திரும்பி வரும்போது மனத்தில் நின்றது கோயில் அல்ல. ஒரு பையன் கேட்ட கேள்வி.

தெரிந்தவர் ஒருவர் வீட்டில் காப்பி கொடுத்தார்கள். வீட்டுக்காரர் தம் மகனைக் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தினார்.

"ஐயா, நீங்க கதை எழுதுறவங்க. நீங்களே சொல்லுங்க. பத்தாவது பரீட்சைக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கு. இவன் கணக்கு நோட்டுக்கு அடியிலே இன்னொரு நோட்டை வச்சுக்கிட்டுக் கதை எழுதுறான். தவக்காலத்திலே வீட்டிலே கவிச்சி கிடையாது. அதோட அந்த நோட்டையும் விட்டுடுன்னு சொல்லி, வாங்கிப் பெட்டியிலே பூட்டிட்டேன்."

பையன் தலை குனிந்தபடியே சொன்னான்: "கவிச்சியை ஈஸ்டர் அன்னைக்குத் திருப்பிக் கொடுத்துடுவாங்க, சார். நோட்டை என்னைக்குக் கொடுப்பாங்க?"

தந்தை சிரித்தார். பத்தாவது முடியட்டும் என்றார். அப்புறம் பதினொன்று, பன்னிரண்டு, கல்லூரி, உத்தியோகம் என்று விரல் விட்டு எண்ணினார். எண்ண எண்ண அவருக்கே சிரிப்பு நின்றுவிட்டது.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம்? வயலில் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தந்தைக்கு அவனுடைய நேரத்தின் மீது உரிமை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நேரத்துக்கு அவர் விலை கொடுத்திருக்கிறார். ஆனால், பையனுக்குள் ஊறுகிற ஒன்றைப் பூட்டி வைக்க எவருக்கு உரிமை உண்டு என்றும் தெரியவில்லை.

இத்தகைய வழக்குகளில் இரு தரப்பாரும் சாட்சிக்கு அழைப்பது கணிதமேதை இராமானுஜனைத்தான். 1904-இல் கும்பகோணத்தில் பரிசோடு பள்ளிப் படிப்பை முடித்தவர், கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதைப் புறக்கணித்து உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேறவில்லை. "பார், தேறாமலே மேதையானார்" என்கிறான் மகன். "பார், எவ்வளவு கஷ்டப்பட்டார்" என்கிறார் தந்தை. இருவரும் ஒன்றை மறக்கிறார்கள். வறுமையில் அலைந்த அவருக்கு 1912-இல் நிழல் தந்தது, சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் கிடைத்த குமாஸ்தா வேலை. கணக்குக்காக எல்லாவற்றையும் விட்டவருக்கும், அந்தக் கணக்கைத் தொடர வேறொரு கடமை தேவைப்பட்டது.

இன்னொரு சாட்சி இதே புதுக்கோட்டைச் சீமையில் இருக்கிறார். பெருங்களூரில் 1922-இல் பிறந்த அகிலன், ரயில்வே தபால் பிரிவில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலை பார்த்துக்கொண்டே கதைகள் எழுதினார். பின்னாளில், 1975-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு அவரைத் தேடி வந்தது. ஆவூர்க் குருமார்களின் மிஷனைச் சேர்ந்த வீரமாமுனிவரும் அப்படித்தான். வேத போதகப் பணிக்கென்று வந்தவர், அதனூடே ஓர் அந்நிய மொழியைக் கற்று, மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்களில் தேம்பாவணியைப் பாடினார், சதுரகராதியும் தொகுத்தார். இவர்களுக்கும் நாளுக்கு இருபத்துநான்கு மணிதான்.

அப்படியானால் அட்டவணை போட்டால் போதுமே என்பீர்கள். நானும் பள்ளி நாட்களில் போட்டேன். நாலு மணிக்கு எழுவது, ஐந்துக்குச் சரித்திரம், ஆறுக்குக் கணக்கு, இரவு எட்டு முதல் ஒன்பது வரை கதை! சுவரில் ஒட்டியபோது அதைவிட அழகான இலக்கியம் உலகில் இல்லை என்று தோன்றியது. நடந்தது என்ன? கணக்கு வேளையில் கதாநாயகி வந்து நின்றாள். கதை வேளையில் கணக்கு வாத்தியார் வந்து நின்றார். நேரத்தைப் பங்கு போட்டேனே தவிர, மனம் பங்குக்கு உடன்படவில்லை. இரண்டிலும் பாதிப் பாதி இருந்தேன். ஆகவே இரண்டிலும் இல்லை.

வள்ளுவர் காலமறிதலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அதில் மணிக்கணக்கு இல்லை. பகலில் காகம் கூகையை வெல்லும் என்பது போன்ற செய்திகளே இருக்கின்றன. நேரம் வேறு, காலம் வேறு என்று எனக்குப் பட்டது. நேரத்தைப் பங்கிடலாம், காலத்தை அறியத்தான் வேண்டும். விதைப்புக்கு ஒரு காலம், அறுப்புக்கு ஒரு காலம் என்பது உழவருக்குத் தெரிந்ததுதான். அறுப்புக் காலத்தில் விதைக்கப் போகிறவன் இரண்டு போகத்தையும் இழக்கிறான்.

தவக்காலத்தின் பொருளும் இதுவே அல்லவா? ஒன்றை விடுகிறோம், அது தீயது என்பதற்காக அல்ல. விடுவதற்கு ஒரு முடிவு நாள் இருக்கிறது. முடிவு நாள் இருப்பதால்தான் அது நோன்பு. முடிவே இல்லையென்றால் அது பறிமுதல். பறிமுதல் செய்யப்பட்டவன் திருடத்தான் செய்வான். கணக்கு நோட்டுக்கு அடியில் இன்னொரு நோட்டு முளைப்பது அதனால்தான். திருடிய நேரத்தில் எழுதியது கதையாகலாம். ஆனால் எழுதியவன், பெற்றவர்களுக்குத் தெரியாமல் வாழவும் கூடவே கற்றுக்கொள்கிறான். அந்தப் பாடம் பரீட்சைத் தோல்வியைவிடக் கொடியது.

இதையெல்லாம் அன்று விரிவாகச் சொல்லவில்லை. "பெட்டியைத் திறக்க ஒரு தேதி சொல்லுங்கள்" என்று மட்டும் தந்தையிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் யோசித்தார்.

"கடைசிப் பரீட்சை அன்னைக்குச் சாயந்திரம்" என்றார்.

"அதுவரை நோட்டுக்கு அடியில் நோட்டு கூடாது" என்று பையனிடம் சொன்னேன். அவன் ஒப்புக்கொண்டான்.

ஏப்ரலில் அவனிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அன்று சாயந்திரமே நோட்டு கைக்கு வந்துவிட்டதாம். பரீட்சை எப்படி எழுதினான் என்று அதில் ஒரு வரி கூட இல்லை. நானும் பதிலில் அதைக் கேட்கவில்லை.