கத்தரிக்காயும் கரப்பானும்

கத்தரிக்காய் கரப்பான் பண்டம் என்பது எங்கள் வீட்டில் சட்டம். சொறி சிரங்கு வந்த பிள்ளைக்கு அது கிடையாது, கருவாடும் கிடையாது. எனக்கு அந்தத் தடை வந்ததேயில்லை. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் 2023இல்தான் புவிசார் குறியீடு வாங்கியது. எங்கள் அடுப்படிக்கு அது எப்போதோ பிரபலம். அம்மா காம்பை எடுக்காமல் நான்காகக் கீறுவாள். வறுத்து அரைத்த வேர்க்கடலை, எள், தனியாவை உள்ளே அடைத்து, நல்லெண்ணெயில் தோல் சுருளும்வரை வதக்குவாள். பிறகுதான் புளி. கடைசியில் சூப்புவதற்கென்று காம்புகளை நான் தட்டோரம் சேர்த்து வைப்பேன்.

முப்பது வயதுக்கு மேல் அதே குழம்புக்கு உதடு தடித்தது, தொண்டை அரித்தது. இறால் அலர்ஜி என்றால் நம்புகிறவர்கள் கத்தரிக்காய் என்றால் சிரிக்கிறார்கள். மைசூரில் 741 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கத்தரிக்காயால் ஏதோவொரு தொந்தரவு. உண்மையான ஒவ்வாமை நூற்றில் ஒருவருக்கும் குறைவு. மற்றவர்களைப் படுத்துவது பெரும்பாலும் காயிலேயே இருக்கும் ஹிஸ்டமின் போன்ற பொருள்கள். பாட்டிமார் கரப்பான் என்று விலக்கியதும் அதைத்தானோ என்னவோ.

என் கேஸ் அந்தச் சிறுபான்மை. உடல் ஒரு புரதத்தைப் பகையென்று குறித்துக்கொள்ளும்போது வெளியே ஒன்றும் தெரியாது. ஐஜிஇ எதிர்ப்பொருள் உருவாகிக் காத்திருக்கும்; மறுபடி அந்தப் புரதம் வந்தால்தான் கலவரம். ஆக, ஒரே காயைப் பற்றி எனக்குள் இரண்டு நினைவுகள். நாக்கு வைத்திருப்பதை ரத்தம் ஏற்பதில்லை. ரத்தம் சொல்வது நாக்குக்கு எட்டுவதில்லை.

சித்தி வீட்டுப் பந்தியில்தான் சங்கடம். "நம்ம வூட்டு எண்ணெ, ஒண்ணும் ஆவாதுப்பா" என்று ஒரு காயை இலையில் வைக்க வருவாள். வேண்டாமென்றால் அவள் கைப்பக்குவத்தையே வேண்டாமென்றதாக முகம் வாடும். அதற்காக ஒரு வாய் தின்றுவிட முடியாது. இலையை மறைத்துக்கொண்டு, அவள் வைத்த ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்குகிறேன்.

வீட்டில் நான்தான் சமைக்கிறேன். ஒவ்வாமைக்கான சுபாவம் பரம்பரையில் வரலாமாம். இன்ன காய்தான் என்று வருவதில்லை. மகளுக்குத் தூசி பட்டால் தும்மல், கத்தரிக்காய் இஷ்டம். அவள்தான் உப்பு பார்க்கிறாள். புளி தூக்கல் என்கிறாள். அம்மா இப்படித்தான் வைப்பாள் என்று நான் விடாமல் வாதாடுகிறேன்.