பிறப்பால் குற்றவாளி உண்டா?

2022 ஏப்ரல் 20, விடியுமுன்பே மலேசியாவின் சுங்கை பாக்காப் தற்காலிகக் குடிநுழைவுத் தடுப்பு முகாமிலிருந்து 528 ரோஹிங்கியா மக்கள் தப்பி ஓடினார்கள். பினாங்கு மாநிலத்தின் ஜாவி அருகே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை இருட்டில் கடந்தபோது வாகனம் மோதி ஆறு பேர் மாண்டார்கள். அவர்களில் இருவர் குழந்தைகள்.

ஏன் ஓடினார்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். குடிபெயர்வை ஆராய்கிறவர் கேட்க வேண்டியது வேறு: ஏன் அடைத்தோம்?

“சட்டவிரோதமாக வந்தவர்கள்” என்பார்கள். இந்தப் பதிலை அறிவுகொண்டு சோதிப்போம். நாடு கடத்தும்வரை காவலில் வைக்கத்தான் தடுப்பு முகாம். இவர்களை எந்த நாட்டுக்குக் கடத்துவது? மியன்மாரின் 1982 குடியுரிமைச் சட்டம் இவர்களைத் தன் மக்களாக ஏற்கவில்லை. 2017இல் அந்நாட்டு இராணுவம் விரட்டியதில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்களாதேஷில் தஞ்சம் புகுந்தனர். மலேசியாவோ 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. நம் குடிநுழைவுச் சட்டத்துக்கு, உயிர் தப்பி வந்தவரும் விசா முடிந்தும் தங்கியவரும் ஒன்றுதான். 2019 ஆகஸ்டு முதல் ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கும் முகாம் கதவு அடைக்கப்பட்டிருந்தது. அனுப்ப இடமில்லாதவரை அனுப்பும்வரை பூட்டிவைத்தால் அந்தக் காவலுக்கு முடிவேது? சுங்கை பாக்காப் முகாமில் இருந்த 664 பேரில் 137 பேர் குழந்தைகள். ரோஹிங்கியாவாகப் பிறந்ததைத் தவிர அவர்கள் செய்த குற்றம் என்ன?

அந்த ஆறு பேர் மாண்ட பினாங்கு, 1929இல் பெரியார் வந்திறங்கிய மண். பிறந்த சாதியைக் காட்டி ஒருவரைத் தாழ்த்துவது அநீதி என்று அவரிடம் கற்றோம். பிறந்த இனத்தையும் நாட்டையும் காட்டி ஒருவரைப் பூட்டுவது மட்டும் நீதியா?

சட்டம் சட்டம்தானே என்கிற தமிழரே, நம் வரலாற்றைப் புரட்டுங்கள். செபராங் பிறை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் தோட்டத்தைவிட்டு ஓடினால் சட்டப்படி சிறை. 1948இல் இலங்கை மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியதும் சட்டம்தான். 2010 ஏப்ரலில் பினாங்குக் கடலில் தடுக்கப்பட்ட படகில் 75 ஈழத்தமிழர் இருந்தார்களே, அவர்களையும் சட்டவிரோதிகள் என்று ஒதுக்குவீர்களா?

“நமக்கே இங்கே ஆயிரம் குறை, வந்தவருக்கு என்ன உரிமை?” என்றும் கேட்கிறார்கள். குழந்தைகளை முகாமில் பூட்டியதால் நம் குறைகளில் ஒன்றாவது தீர்ந்ததா? அவர்களை வெளியே விடுங்கள், ஆணையத்தை உள்ளே விடுங்கள், அகதிகள் சட்டப்படி உழைத்துப் பிழைக்க வழி செய்யுங்கள். இதில் எதுவும் நம் பங்கைப் பறிக்காது.

பிறப்பின் பேரால் நமக்கு இழைத்த கொடுமையை மட்டும் எதிர்ப்பது தன்னலம். எவருக்கு இழைத்தாலும் எதிர்ப்பதே பகுத்தறிவு.