சுமக்கும் பொருளும் ஒப்புரவும்

மலையேற்றத்துக்கும் காட்டுவழிப் பயணத்துக்கும் வேண்டிய கூடாரம், முதுகுப்பை, மழையங்கி, சப்பாத்து, தலைவிளக்கு முதலிய சாதனங்களை மாதக்கணக்கில் ஆராய்வதும், ஒன்றோடொன்று ஒப்பிட்டு எடை பார்ப்பதும், வாங்கியதைவிட மேலானது வந்துவிட்டதென அறிந்ததும் மீண்டும் வாங்குவதும் ஒரு தனி மோகமாகவே வளர்ந்துவிட்ட காலம் இது. தன் உழைப்பில் வந்த பணத்தைக் கொண்டு, எவருக்கும் நேரடியாகத் தீங்கு செய்யாத பொருளொன்றை ஒருவர் தேடித் தேடி வாங்குவாராயின், அதில் அறம் குறுக்கிட என்ன இருக்கிறது என்ற கேள்வி எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறியவர்களின் நினைவு இன்னும் ஆறாத சாவகச்சேரி போன்ற ஓர் ஊரிலிருந்து பார்க்கும்போது, அக்கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது.

மோகத்தின் பக்கம் நியாயமே இல்லையென்று தொடங்குவது நேர்மையாகாது. 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாத மலையில் விடியற்புறம் வீசும் குளிர், சாவகச்சேரி அடங்கிய, கடல்மட்டத்தை ஒட்டிய தென்மராட்சியில் வளர்ந்த உடலுக்குப் பழக்கமற்றது. மலையகத் தேயிலைத் தோட்டங்களூடாக 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கும் மேலாக நீளும் பீக்கோ நடைபாதையில் காலுக்குப் பொருந்தாத சப்பாத்தோடு இறங்குபவர் கொப்புளங்களோடு பாதியில் திரும்ப நேரலாம். ஒருவர் தளர்ந்தால் அவரைத் தாங்கவேண்டியவர் உடன் வருபவரே என்பதால், முன்னாயத்தம் துணைவர்மீது கொண்ட அக்கறையும் ஆகும். தையலின் உறுதியையும் துணியின் நெசவையும் நுணுகி அறிந்து வாங்குவது, விலையை மட்டும் பார்த்து வாங்கிச் சில மாதங்களில் எறிவதைவிட ஐயமின்றி மேலானது.

ஆயினும் இந்த அறிவு ஓர் எல்லையைக் கடந்ததும், தான் எதற்காகத் தேடப்பட்டது என்பதையே மறந்துவிடுகிறது. மழையங்கிகளை ஒப்பிடுவோர் பெரிதும் நோக்குவது அவற்றின் நீர்த்தாங்கு அளவை, அதாவது துணியின்மேல் எவ்வளவு உயரத்துக்கு நீரை நிறுத்தினால் அது கசியத் தொடங்கும் என்பதை மில்லிமீற்றரில் சொல்லும் கணக்கை. 10,000 என்று குறிக்கப்பட்ட துணி 10 மீற்றர் உயரத்துக்கு, ஏறத்தாழ உயரம் குறைந்த ஒரு தென்னையின் உயரத்துக்கு, நிற்கும் நீரைத் தாங்கும். 20,000 என்று குறிக்கப்பட்டது அதன் இருமடங்கைத் தாங்கும். எது வேண்டும் என்று தீர்மானிப்பதிலேயே பல இரவுகள் கழிந்துவிடும். இத்தகைய துணிகளுக்கு முன்னோடி, அமெரிக்கரான பொப் கோர் 1969இல் கண்டறிந்த, 1976இல் கோர்-டெக்ஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்த நுண்துளைப் படலமாகும். வெளியிலிருந்து மழையை விடாமல், உள்ளிருந்து வியர்வையை ஆவியாக வெளியேற்றுவது அதன் சிறப்பு. ஆனால் உள்ளே வெப்பமும் ஈரமும் மிகுந்து வெளியே அவை குறைந்திருந்தால்தான் அந்த ஆவி நன்றாக வெளியேறும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில், விலையுயர்ந்த அங்கியை அணிந்து நடப்பவர் மழைக்குத் தப்பித் தன் வியர்வையில் நனைவார். அங்கே நல்லதொரு குடையே மேலான சாதனம். பத்து அங்கிகளை ஆராய்ந்தவருக்கு இந்த எளிய உண்மை தட்டுப்படாமற் போவதற்குக் காரணம், பொருளைப் பொருளோடு ஒப்பிட்டாரேயன்றி, நடக்கப்போகும் வழியோடு ஒப்பிடாததே.

விலைச்சீட்டில் எழுதப்படாத செலவும் உண்டு. துணியில் நீர் ஒட்டாமல் உருண்டோடச் செய்யும் பூச்சுக்காக நெடுங்காலம் பயன்பட்ட புளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாதவை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2025 முதல் பெரும்பாலான புதிய ஆடைகளில் அவற்றுக்குத் தடை விதித்துள்ளது. மறுபுறத்தில், இலங்கையின் பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆடைத் தொழிலிலிருந்து வருகிறது. போருக்குப் பின் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆகவே வாங்குவதையே பழிப்பவர், அங்கே தைத்து வீட்டை நடத்தும் பெண்களின் ஊதியத்தையும் எண்ணிப் பார்த்தே பேசவேண்டும். 2011 நவம்பரில், மலையேற்ற ஆடைகளை விற்கும் பட்டகோனியா நிறுவனம் தன் அங்கியொன்றின் படத்தை நியூயோர்க் ரைம்ஸ் நாளிதழில் இட்டு, அதை வாங்கவேண்டாம் என்று வாசகரைக் கேட்டுக்கொண்டது. அதன் பின்னரும் அந்நிறுவனத்தின் விற்பனை வளரவே செய்தது. அளவோடு வாங்கு என்ற அறிவுரையும் விளம்பரமாகிவிடக்கூடிய சந்தையில், அளவை வாங்குபவரே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த அளவுகோலைத் திருக்குறளில் தேடுவோர் பெரும்பாலும் அவாவறுத்தல் என்னும் அதிகாரத்துக்கே செல்வர். ஆனால் அது துறவறவியலில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆசையை முற்றாக அறுக்கும் நெறி துறவிக்கு உரியது. இல்லறத்தாருக்கு உரிய பகுதியில் வள்ளுவர் வைத்தது ஒப்புரவறிதலை, அதாவது தன்னிடம் உள்ளது ஊருக்கும் பயன்படுமாறு வாழ அறிதலை. கூடாரம் வாங்கும் குடும்பத்தவரிடம் துறவை எதிர்பார்ப்பதைவிட இந்த அளவுகோலால் அவரை மதிப்பதே முறை, ஏனெனில் நீண்ட வழி நடப்பவர் எவரும் தன் பையை மட்டும் நம்பி நடப்பதில்லை.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியே கதிர்காமத்துக்குச் செல்லும் பாதயாத்திரை இதற்கு நல்ல சான்று. வாரக்கணக்கில் நீளும் அந்த நடையின் இறுதிப் பகுதி, உகந்தைக்கு அப்பால், யானையும் கரடியும் சிறுத்தையும் உலவும் குமண, யால காடுகளின் ஊடே செல்கிறது. வெறுங்காலுடன் நடக்கும் அடியார்களும் அங்கே உண்டு. அவர்களது பை சிறிதாக இருப்பதற்குப் பக்தி ஒரு காரணமென்றால், சோறு சமைத்துக் காத்திருக்கும் வழியூர் மக்களும் படுக்க இடம் தரும் கோயில் மண்டபங்களும் மறு காரணம். எல்லாவற்றையும் தன் முதுகிலேயே கொண்டுசெல்ல முயல்பவருக்கு அந்தச் சோற்றின் தேவை இருக்காது. அதைப் பரிமாறும் கைகளோடு பழகும் வாய்ப்பும் அவருக்குக் குறையும். சாதன மோகத்தின் ஆழமான இழப்பு, பணத்தைவிட, இதுவே எனலாம்.

எனினும் இல்லாமையைப் புனிதமாக்குவது பெருந்தவறு. போர் நெருங்கிய 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலிருந்து இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெளியேறி, நாவற்குழிப் பாலத்தில் அடியடியாக நகர்ந்து, தென்மராட்சியை நோக்கி வந்தார்கள். அன்றிரவு பெய்த மழையைத் தலைகீழாகப் பிடித்த குடையில் ஏந்திப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்ததை அந்நாளின் நினைவுக்குறிப்புகள் சொல்கின்றன. சாவகச்சேரியின் பாடசாலைகளும் கோயில்களும் வீட்டு வளவுகளும் நிறைந்து வழிந்தன. மரத்தடியில் இருந்தவர்களுக்கு ஒரு தறப்பாள், அதாவது மழைக்குக் கூரையாகக் கட்டும் தடித்த விரிப்பு, கிடைப்பதே பெரும்பேறாக இருந்தது. 2000ஆம் ஆண்டுப் போரில் சாவகச்சேரியே இடிந்து, இடமளித்த மக்களும் இடம்பெயர்ந்தார்கள். சாதனம் வெறும் பொருள் என்று அவர்களிடம் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

ஆகவே பிழை சாதனத்தில் இல்லை. அலுமாரியில் ஒருவருக்கும் பயன்படாமல் அது மடிந்து கிடப்பதில் இருக்கிறது. கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் கதிரைகளையும் கிடாரங்களையும் பொதுவில் வைத்துக் கொடுத்து வாங்கும் வழக்கம் குடாநாட்டுச் சனசமூக நிலையங்களுக்குப் புதிதன்று. அதே நிலையங்களில் சில கூடாரங்களும் முதுகுப்பைகளும் தலைவிளக்குகளும் தறப்பாள்களும் சேர்த்து வைக்கப்படுமாயின், சுற்றுலா செல்லும் மாணவருக்கும் சாரணருக்கும் யாத்திரிகருக்கும் அவை உதவும், வெள்ளம் வரும் மாரியில் ஊருக்கே உதவும். நல்ல துணியையும் நல்ல தையலையும் இனங்காணப் பல இரவுகள் செலவிட்டவர்கள், தம் அறிவையும் தாம் பயன்படுத்தாத பொருள்களையும் அங்கே கொண்டுவந்து சேர்க்க முன்வர வேண்டும்.